ஆண்ட்ராய்டா ஐபோனா: வாங்குமுன் வெளியேறும் வழியைப் பாருங்கள்

கேள்வி, 17 ஆகஸ்ட் 2025

ஐந்து வருடமாக ஆண்ட்ராய்டு. இப்போது ஐபோன் வாங்கலாமா என்று யோசனை. கேமரா, வேகம், பேட்டரி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எதை வைத்து முடிவெடுப்பது? வாட்ஸ்அப்பில் பல வருட உரையாடல் கிடக்கிறது. அதெல்லாம் போய்விடுமா?

17 ஆகஸ்ட், இரவு

வித்தியாசம் தெரியாதது நியாயம்தான். ஒரே விலைப் பிரிவில் இருக்கும் நல்ல போன்கள் அந்த மூன்றிலும் ஒன்றையொன்று நெருங்கி வெகுநாளாகிறது. வேறு இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மாடலுக்கு எந்த வருடம் வரை செக்யூரிட்டி அப்டேட் வரும்? நாளைக்கு இதை விட்டுப் போக நினைத்தால் என்னுடைய பொருட்களில் எது கூட வரும், எது உள்ளேயே தங்கிவிடும்? இரண்டாவது கேள்வியை யாரும் வாங்கும்போது கேட்பதில்லை, மாறும்போதுதான் கேட்கிறார்கள். அதற்குள் பாதி வழி அடைபட்டிருக்கும்.

வாட்ஸ்அப் போகாது. ஆனால் வரிசை தப்பினால் போகும். நாளை விரிவாக.

18 ஆகஸ்ட்

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வாட்ஸ்அப்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: ஆண்ட்ராய்டில் பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகிறது, ஐபோனில் ஐகிளவுடுக்குப் போகிறது. ஒன்றை மற்றது திறக்காது. ஆகவே "டிரைவில் பேக்கப் இருக்கிறதே, ஐபோனில் ரீஸ்டோர் பண்ணிக்கொள்ளலாம்" என்று பழைய போனை அழித்துவிட்டால் அந்த உரையாடல்களை ஐபோனில் கொண்டுவர நேர்வழி இல்லை. இன்னொரு ஆண்ட்ராய்டில் அதே எண்ணைப் போட்டு ரீஸ்டோர் செய்து, அங்கிருந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2022இல் வந்த வழி இதுதான். ஐபோன் புதிதாகவோ முழுக்க அழிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். ஐஓஎஸ் 15.5 அல்லது அதற்கு மேல், ஆண்ட்ராய்டு 5 அல்லது அதற்கு மேல். இரண்டிலும் ஒரே எண். ஆண்ட்ராய்டில் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப்பை நிறுவுங்கள், வாட்ஸ்அப்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இரண்டு போனையும் சார்ஜரில் போடுங்கள். ஐபோனைத் தொடங்கும்போது ஆப்ஸ் அண்ட் டேட்டா பக்கத்தில் ஆண்ட்ராய்டிலிருந்து கொண்டுவரும் தேர்வு வரும், அதைத் தொட்டால் ஒரு குறியீட்டு எண் தெரியும். அதை ஆண்ட்ராய்டில் இட்டதும் எதையெல்லாம் மாற்றுவது என்ற பட்டியல் வரும். அதில் வாட்ஸ்அப்பைத் தனியாகத் தொட்டு, 'ஸ்டார்ட்' கொடுத்து, அது தன் தரவைத் தயார்செய்து முடிக்கும்வரை காத்திருந்து, 'நெக்ஸ்ட்' கொடுத்துத் திரும்பி வந்து, பிறகுதான் 'கன்டின்யூ'. பட்டியலில் டிக் மட்டும் போட்டுவிட்டு மேலே போனால் வாட்ஸ்அப் வராது.

மாற்றம் முடிந்ததும் ஐபோனில் ஆப் ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப்பை இறக்கி, அதே எண்ணால் நுழையுங்கள். உரையாடல்களைக் கொண்டுவரவா என்று கேட்கும், 'ஸ்டார்ட்' கொடுங்கள். புது எண்ணில் நுழைந்தால் அது கேட்காது. கடைசியாக ஒன்று: வந்து சேர்ந்த தரவு ஐகிளவுடில் தானாக ஏறாது. உட்கார்ந்து ஒரு பேக்கப் எடுத்தபின் மற்ற வேலை. இலவச ஐகிளவுட் இடம் 5 ஜிபி மட்டுமே என்பதால், வீடியோ நிறைய இருந்தால் பேக்கப் பாதியில் நின்றுவிடும். வாட்ஸ்அப்பின் பேக்கப் பக்கத்தில் வீடியோவைச் சேர்க்காமல் விடும் பொத்தான் இருக்கிறது.

18 ஆகஸ்ட், பிற்பகல்

ஐபோனுக்கு மாற்றும்போது இணைப்பு பாதியில் அறுந்துபோகிறது என்று கேட்டவருக்கு. அந்த நேரத்தில் ஐபோன் ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்கும், ஆண்ட்ராய்டு அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த வைஃபையில் இணையம் கிடையாது. "இணையம் இல்லாத வைஃபை" என்று கண்டுபிடித்து ஆண்ட்ராய்டு தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவினால் இணைப்பு போயிற்று. ஆகவே மொபைல் டேட்டாவை அணையுங்கள். 'ஸ்மார்ட் நெட்வொர்க் ஸ்விட்ச்' போன்ற பெயரில் ஒரு அமைப்பு இருந்தால் அதையும் அணையுங்கள். 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் திரையிலேயே இருக்க வேண்டும், அழைப்பை எடுக்கக்கூடாது, வேறு ஆப்புக்குப் போகக்கூடாது. பேட்டரி சேமிப்பு முறையில் இருந்தால் அதை விலக்குங்கள்.

20 ஆகஸ்ட்

எதிர்த்திசை: ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு. 2021இல் முதலில் சாம்சங்கில், அதே வருடம் கூகுளின் பிக்ஸலில், பிறகு ஆண்ட்ராய்டு 12உடன் வரும் மற்றவற்றில் வந்தது. இது கேபிள் வழி. பழைய ஐபோன் என்றால் ஒரு பக்கம் லைட்னிங், மறுபக்கம் யூஎஸ்பி-சி. ஐபோன் 15 முதல் இரண்டு பக்கமும் யூஎஸ்பி-சி. புது ஆண்ட்ராய்டைத் தொடங்கும்போதே கேபிளைச் செருகி, அது காட்டும் கியூஆர் குறியீட்டை ஐபோன் கேமராவால் படித்தால் வாட்ஸ்அப்பின் மாற்றும் பக்கம் திறக்கும். தொடக்க அமைப்பைத் தாண்டிவிட்டால் பல போன்களில் ஃபேக்டரி ரீசெட் செய்துதான் அந்தப் பக்கத்துக்குத் திரும்ப முடியும். புதுப் போன் கையில் வந்ததும் ஆவலில் எல்லாப் பக்கத்தையும் 'ஸ்கிப்' கொடுத்துத் தள்ளுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதைவிட முக்கியம் ஐமெசேஜ், ஆப்பிள் சாதனங்களுக்கிடையே இணைய வழியாகச் செய்தி அனுப்பும் சேவை. சிம்மை ஐபோனிலிருந்து கழற்றுவதற்கு முன் ஐமெசேஜை அணைக்க வேண்டும், ஃபேஸ்டைமையும் சேர்த்து. அணைக்காவிட்டால் உங்கள் எண் ஆப்பிளின் வழங்கியில் ஐமெசேஜ் எண்ணாகவே பதிவாகி நிற்கும். மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்தி அங்கே போகும், உங்கள் ஆண்ட்ராய்டுக்கு வராது, அனுப்பியவருக்கும் பிழை தெரியாது. ஐபோனை விற்றுவிட்டீர்கள் என்றால் ஆப்பிளின் வலைத்தளத்தில் ஐமெசேஜிலிருந்து எண்ணை நீக்கும் பக்கம் இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறியீடு வரும், அதை இட்டால் விடுவிக்கும்.

21 ஆகஸ்ட்

"பச்சைக் குமிழ், நீலக் குமிழ்" சண்டை தொடங்கியிருப்பதால் சுருக்கமாக. ஐபோனில் ஐமெசேஜ் நீலக் குமிழில் தெரியும், எஸ்எம்எஸ் பச்சைக் குமிழில்.

2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18உடன் ஐபோனில் ஆர்சிஎஸ் வந்தது. எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக இணைய வழியாகச் செல்லும் செய்தி முறை அது. செட்டிங்ஸில் மெசேஜஸ் பகுதியில் பொத்தான் இருக்கும், தொலைபேசி நிறுவனம் ஆதரித்தால்தான் அது தெரியும். ஆர்சிஎஸ் வந்தபிறகும் குமிழ் பச்சைதான். ஆனால் படம் நசுங்காமல் போகும், எழுதிக்கொண்டிருப்பது தெரியும், படித்தது தெரியும். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்யும் முனைக்கு முனை மறையாக்கம் மட்டும் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையில் அப்போது வரவில்லை. அதற்கான தரத்தை மொபைல் நிறுவனங்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2025 மார்ச்சில் அறிவித்தது. இரகசியமான எதையும் அதுவரை வாட்ஸ்அப், சிக்னல் போன்றவற்றில் பேசுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஆர்சிஎஸ் இன்னொரு வகையில் பெரிய விடுதலை. எஸ்எம்எஸ் ஒன்றில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும். தமிழ் ஒரு எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் வேறு குறியாக்கத்துக்கு மாறி, கொள்ளளவு 70 ஆகிவிடும். செய்தி நீண்டு துண்டானால் துண்டுக்கு 67தான். அதுவும் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கல்ல: புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. 'வணக்கம்' கண்ணுக்கு 5 எழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு 7. 'ஸ்ரீ' 4. ஒரு சாதாரண தமிழ்ப் பத்தி மூன்று நான்கு எஸ்எம்எஸ்ஸாகக் கணக்காவது இதனால்தான். ஆண்ட்ராய்டு, ஐபோன் வேறுபாடு இதில் எதுவும் இல்லை.

26 ஆகஸ்ட்

"ஆண்ட்ராய்டு திறந்தது, எங்கிருந்தும் ஆப் நிறுவலாம், அதனால் எனக்கு அதுதான்" என்றவருக்கு, நேற்றைய செய்தியைப் பாருங்கள். கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவும் ஆப் எதுவானாலும், ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்தாலும், அதை எழுதியவர் கூகுளிடம் தன் அடையாளத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கு. மோசடி ஆப்களைத் தடுக்கிறோம் என்கிறார்கள். அந்தச் சிக்கல் உண்மையானது. ஆனால் பெயர் வெளியிட விரும்பாமல் ஒரு பயனுள்ள கருவியை எழுதி இலவசமாகக் கொடுப்பவருக்கு இது கதவடைப்பு. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐபோன் பக்கம்: 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தில் மாற்று ஆப் கடைகள் அனுமதிக்கப்பட்டன, சட்டம் கட்டாயப்படுத்தியதால். மற்ற பெரும்பாலான இடங்களில் வெளியிலிருந்து நிறுவ நினைத்தால் இலவச ஆப்பிள் கணக்கில் நீங்களே ஆப்பில் டிஜிட்டல் கையொப்பமிட்டு ஏற்றலாம், அது 7 நாளில் காலாவதியாகும். திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். வெளி ஆப் ஒன்றை அன்றாடம் நம்பியிருக்கிறவருக்கு அது வாழக்கூடிய ஏற்பாடு இல்லை.

29 ஆகஸ்ட்

முதல் கேள்விக்கு வருவோம்: அப்டேட் எவ்வளவு காலம்.

கூகுள் 2023 அக்டோபரில் பிக்ஸல் 8உடன் ஏழு வருடம் என்றது. சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24உடன் அதே ஏழு வருடம் என்றது. ஆப்பிள் வழக்கமாக எண் சொல்வதில்லை. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிரிட்டன் சட்டத்துக்காக, குறைந்தது ஐந்து வருடம் என்று எழுதிக்கொடுத்தது. நடைமுறையில் அதைவிட நீளம்: 2015இன் ஐபோன் 6எஸ், ஐஓஎஸ் 9இலிருந்து 15 வரை வந்தது. 2013இன் ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு செக்யூரிட்டி அப்டேட் வந்தது.

ஏழு வருடம் என்றால் எந்த நாளிலிருந்து என்று பாருங்கள். கணக்கு தொடங்குவது அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளில், நீங்கள் வாங்கிய நாளில் அல்ல. பிக்ஸல் 8ஐ 2026இல் தள்ளுபடியில் வாங்கினால் 2030 அக்டோபர் வரைதான், ஐந்து வருடம்கூட வராது. ஒரே நிறுவனத்தின் மலிவான மாடல்களுக்கு இந்த வாக்குறுதி குறைவாக இருக்கலாம். பெட்டியில் எழுதியிருக்காது, நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் மாடல் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கையிலிருக்கும் ஆண்ட்ராய்டில் சரிபார்க்க: செட்டிங்ஸில் அபவுட் போன், ஆண்ட்ராய்டு வெர்ஷன். அங்கே இரண்டு தேதி இருக்கும். 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்' போன் நிறுவனம் அனுப்புவது. 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்' கூகுள் நேரடியாக அனுப்புவது. ஆண்ட்ராய்டு 10இலிருந்து சில உட்பகுதிகளைத் தனியாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வந்ததால் இரண்டாவது தேதி புதிதாகவும் முதல் தேதி இரண்டு வருடம் பழையதாகவும் இருக்கலாம். நம்ப வேண்டியது முதல் தேதியை.

30 ஆகஸ்ட்

நேற்றைய குறிப்பில் விட்டுப்போன ஒரு நுணுக்கம், பழைய போனை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. அப்டேட் நின்ற ஆண்ட்ராய்டில்கூட குரோம் ப்ளே ஸ்டோர் வழியாகப் பல வருடம் புதிதாகிக்கொண்டே இருக்கும். ஐபோனில் வலைப்பக்கத்தைக் காட்டும் வெப்கிட் என்ற பகுதி இயங்குதளத்தோடு சேர்ந்தே புதிதாகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எதைப் போட்டாலும் ஐபோனில் உள்ளே ஓடுவது அதே வெப்கிட்தான், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களில் சட்டம் மாற்றுவழி கொடுத்திருப்பதைத் தவிர. அதனால் அப்டேட் நின்ற ஐபோனில் முதலில் தடுமாறுவது இணையம். அப்டேட் நின்ற ஆண்ட்ராய்டில் இணையம் ஒழுங்காகத் திறக்கும், அடியில் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் ஓட்டை அடைபடாமல் கிடக்கும். வெளியே நன்றாக இருக்கிறதே என்று வங்கி ஆப்பை அதில் வைத்திருப்பது சரியல்ல.

7 செப்டம்பர்

படங்கள். இதில்தான் அதிகமாக இழக்கிறார்கள், ஆகவே பொறுமையாக.

ஐபோனிலிருந்து வெளியே: 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' இயங்கிக்கொண்டிருந்தால் போனில் இருப்பதில் பலவும் சின்ன நகல்தான், முழுப்படம் ஐகிளவுடில். கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் நகலெடுத்தால் போனில் முழுதாக இருப்பவை மட்டுமே வரும். எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் "எல்லாம் எடுத்தாயிற்று" என்று ஐகிளவுட் சந்தாவை நிறுத்திவிட்டால் மீதியை இழக்க நேரலாம். செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியில் 'டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸ்' போட்டு, எல்லாம் இறங்கியபின் நகலெடுங்கள். இடம் போதாதென்றால் ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் ஐகிளவுட் படங்களை நேராக கூகுள் போட்டோஸுக்கு அனுப்பும் கோரிக்கை கொடுக்கலாம், 2021இலிருந்து இருக்கிறது. சில நாள் பிடிக்கும். பகிர்ந்த ஆல்பங்களும் லைவ் போட்டோக்களில் சிலவும் அப்படிப் போகாது. கூகுள் பக்கம் 15 ஜிபி மட்டுமே இலவசம் என்பதையும் முன்னாலேயே கணக்கிடுங்கள்.

விண்டோஸில் நகலெடுக்கும்போது நடுவில் "சாதனம் இயங்கவில்லை" என்ற பிழை வந்து நின்றுபோகிறதா? பெரும்பாலும் கேபிளில் குறையில்லை. ஐபோன் தன் வழக்கமான ஹெச்இஐசி வடிவப் படத்தை, நகல் போகும்போதே எங்கும் திறக்கும் ஜேபெக் வடிவமாக்க முயன்று திணறுகிறது. அதே போட்டோஸ் அமைப்பின் அடியில் 'ட்ரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதில் 'ஆட்டோமேட்டிக்' இருக்கும், அதை 'கீப் ஒரிஜினல்ஸ்' ஆக்கினால் ஒழுங்காகப் போகும். இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே வேண்டுமென்றால் கேமரா, ஃபார்மேட்ஸ், 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'. படத்தின் அளவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது அதன் விலை.

கூகுள் போட்டோஸிலிருந்து வெளியே: டேக்அவுட், கூகுளில் இருக்கும் உங்கள் தரவை மொத்தமாக இறக்கித் தரும் சேவை. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசான் கோப்பு வரும், அதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கேமரா பதித்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கிறது, அது பத்திரம். ஆனால் கூகுள் போட்டோஸில் நீங்கள் திருத்திய தேதி, எழுதிய விவரம், சேர்த்த இடம் எல்லாம் அந்த ஜேசானில்தான். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் உள்தேதி இருக்காது என்பதால், அவற்றுக்கு ஜேசான் போனால் தேதியும் போயிற்று. ஜிப் அளவு 2 ஜிபி என்று இருப்பதை 50 ஜிபி ஆக்கினால் துண்டுகள் குறையும், நல்ல இணைப்பு இருந்தால் அப்படிச் செய்யுங்கள். 2024இலிருந்து டேக்அவுட்டிலேயே நேராக ஐகிளவுடுக்கு அனுப்பும் தேர்வும் உண்டு.

9 செப்டம்பர்

சுருக்கமாக இரண்டு பதில். ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டில் வேலை செய்யாது. கேலக்ஸி வாட்ச் 4 முதலானவை ஐபோனில் வேலை செய்யாது. ஏர்பாட்ஸ் ஆண்ட்ராய்டில் சாதாரண புளூடூத் ஹெட்செட்டாக ஓடும். கைக்கடிகாரம் வாங்கும் முடிவு போன் முடிவைவிட இறுக்கமான கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய ஆப் மறுபக்கம் வராது, திரும்ப வாங்க வேண்டும். மாதச் சந்தாவாக அந்த நிறுவனத்தின் தளத்திலேயே கட்டியிருந்தால் இரண்டிலும் செல்லும்.

21 செப்டம்பர்

"நோட்டிஃபிகேஷன் தாமதமாக வருகிறது, ஆண்ட்ராய்டு மோசம்" என்ற பதிவுக்கு.

ஆண்ட்ராய்டு 6இலிருந்து (2015) 'டோஸ்' என்ற ஏற்பாடு உண்டு: போன் அசையாமல் திரை அணைந்து கிடந்தால் ஆப்களின் பின்னணி வேலையைத் தள்ளிப்போடும். முன்னுரிமை பெற்ற செய்தி அதைத் தாண்டி உடனே வரும். அது கூகுள் வகுத்த வரம்பு. அதற்கு மேல் சில போன் நிறுவனங்கள் பேட்டரி நீடிப்பதாகக் காட்ட, தங்கள் சொந்தக் கத்தரியையும் போடுகின்றன. தாமதம் பெரும்பாலும் அங்கே.

செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப், பேட்டரி, 'அன்ரெஸ்ட்ரிக்டட்'. சில போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனிப் பொத்தான் உண்டு, அதையும் இயக்க வேண்டும். எல்லா ஆப்புக்கும் இதைச் செய்தால் பேட்டரி கரையும். அழைப்பு வரும் ஆப், அலாரம், வங்கி எச்சரிக்கை, இந்த மூன்றுக்குப் போதும்.

அண்மை ஆப் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடும் பழக்கம் இரண்டு தளத்திலும் தீங்கு. மூடிய ஆப்பை முதலிலிருந்து ஏற்றுவதற்குத்தான் அதிக மின்சாரம் செலவாகும். ஐபோனில் அப்படித் தள்ளிய ஆப்புக்குப் பின்னணிப் புதுப்பிப்பு நின்றுவிடும், திரையில் காட்டும் நோட்டிஃபிகேஷன் வரும். ஆண்ட்ராய்டில் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்தால் அந்த ஆப்பை நீங்கள் மறுபடி திறக்கும்வரை செய்தியே வராது. சில நிறுவனங்களின் போன்களில் மேலே தள்ளுவதே ஃபோர்ஸ் ஸ்டாப் போல நடக்கிறது. அந்த நிறுவனப் போனில் மேலே தள்ளிப் பழகியவருக்குச் செய்தி தாமதமாக வருவதில் வியப்பில்லை.

5 அக்டோபர்

பேக்கப் விஷயத்தில் ஐபோன் தெளிவாக முன்னால் நிற்கிறது. கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு, மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ், 'என்க்ரிப்ட் லோக்கல் பேக்கப்' என்ற கட்டத்தில் டிக். அந்த டிக் இல்லாவிட்டால் சேமித்த கடவுச்சொற்கள், ஹெல்த் தரவு, வைஃபை அமைப்புகள், அழைப்புப் பட்டியல் பேக்கப்பில் சேராது. பேக்கப் கடவுச்சொல்லை மறந்தால் அந்தப் பேக்கப்பைத் திறக்க ஆப்பிளாலும் முடியாது. போனில் 'ரீசெட் ஆல் செட்டிங்ஸ்' கொடுத்துப் புதிய கடவுச்சொல்லோடு புதிய பேக்கப் எடுக்கலாம், பழையது பூட்டியபடியேதான்.

ஆண்ட்ராய்டில் இதற்கு நிகரானது இல்லை. கூகுள் பேக்கப் ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான் எடுக்கும், ஆப்பை எழுதியவர் வேண்டாமென்றால் அதுவும் எடுக்காது. போனைப் பல வாரம் தொடாமல் வைத்தால் அந்தப் பேக்கப் அழிக்கப்படலாம், கூகுள் சொல்லும் கணக்கு 57 நாள். கம்ப்யூட்டரிலிருந்து ஆப் தரவை எடுக்க உதவிய பழைய ஏடிபி பேக்கப் கட்டளையை ஆண்ட்ராய்டு 12இலிருந்து பெரிதும் கட்டுப்படுத்திவிட்டார்கள். ஆகவே ஆண்ட்ராய்டுக்காரர்கள் ஆப் ஆப்பாக எண்ண வேண்டும்: குறிப்பு எழுதும் ஆப், செலவுக் கணக்கு ஆப், உடல்நல ஆப், ஒவ்வொன்றிலும் எக்ஸ்போர்ட் எங்கே என்று இன்றே பார்த்துவையுங்கள். எக்ஸ்போர்ட் இல்லாத ஆப்பில் வருடக்கணக்கான குறிப்பைச் சேர்க்காதீர்கள். ஐபோனுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் ஐபோன் பேக்கப் எவ்வளவு முழுமையானாலும் அது இன்னொரு ஐபோனில்தான் விரியும்.

இரண்டு பக்கமும் பொதுவான ஒரு தடை: புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்புள்ள போனில் இறங்காது. புதுப் போனை முதலில் அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டோர் செய்யுங்கள்.

14 நவம்பர்

ஆகஸ்ட் 26 குறிப்புக்குத் தொடர்ச்சி. அடையாளம் சரிபார்க்காதவர் எழுதிய ஆப்பையும், ஆபத்தை உணர்ந்து நிறுவ விரும்பும் அனுபவமுள்ளவர்களுக்குத் தனி வழி ஒன்று செய்வோம் என்று கூகுள் இந்த வாரம் சொல்லியிருக்கிறது. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுகிறவர்களுக்கும் எளிய கணக்கு வகையும் உண்டாம். நல்ல நகர்வு. அந்த வழி எத்தனை எச்சரிக்கைத் திரைகளுக்குப் பின்னால் இருக்கும் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

23 நவம்பர்

இன்னொரு சுவர் இளகியிருக்கிறது. பக்கத்திலிருக்கும் போனுக்குக் கோப்பை நேராக அனுப்பும் வசதி ஆண்ட்ராய்டில் குவிக் ஷேர், ஐபோனில் ஏர்டிராப். பிக்ஸல் 10இன் குவிக் ஷேர் இப்போது ஏர்டிராப்போடு பேசுகிறது. ஐபோனில் ஏர்டிராப்பை 'எவ்ரிஒன் ஃபார் 10 மினிட்ஸ்' ஆக்கி வைத்தால் பிக்ஸலிலிருந்து அது தெரியும், கோப்பை நேராக அனுப்பலாம். இடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் படத்தைக் கெடுத்துக்கொண்ட காலம் அந்தப் போன்களுக்கு முடிந்தது. மற்றவர்கள் அதுவரை வாட்ஸ்அப்பில் படத்தை 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள், முழு அளவில் போகும்.

கேபிள் வேகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி-சி துளை என்பதாலேயே வேகம் என்று பொருளில்லை. ஐபோன் 15 சாதாரண மாடல் யூஎஸ்பி 2 வேகம்தான், விநாடிக்கு 480 மெகாபிட். 15 ப்ரோ 10 கிகாபிட், அதுவும் அதற்கேற்ற கேபிள் தனியாகப் போட்டால். பெட்டியில் வரும் கேபிள் சார்ஜுக்கானது. மலிவான ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே யூஎஸ்பி 2தான். பெரிய வீடியோக்களை நகலெடுக்கிறவர் வாங்குமுன் இந்த ஒரு வரியை விவரப்பட்டியலில் தேட வேண்டும்.

2 டிசம்பர்

கேள்வி கேட்டவர் ஐபோன் வாங்கிவிட்டதாகவும் பழைய ஆண்ட்ராய்டை விற்கப்போவதாகவும் எழுதியிருக்கிறார். உடனே வேண்டாம், சில வாரம் வைத்திருங்கள். இன்னும் மாறாதவை சில இருக்கும்.

ஓடிபி உருவாக்கும் ஆப் முதலாவது. கூகுள் ஆதன்டிகேட்டர் என்றால் 'ட்ரான்ஸ்ஃபர் அக்கவுன்ட்ஸ்', 'எக்ஸ்போர்ட்', வரும் கியூஆரைப் புது ஐபோனிலுள்ள அதே ஆப்பால் படியுங்கள், தளம் மாறினாலும் வேலை செய்யும். வங்கி ஆப்கள் புதுப் போனில் மறுபடி பதிவு கேட்கும், அதற்கு எஸ்எம்எஸ் வரும் சிம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் குரோமில் இருந்தால் ஐபோனில் குரோமைப் போட்டு, செட்டிங்ஸில் ஆட்டோஃபில் பகுதியில் குரோமைத் தேர்ந்தால் போதும். சிஎஸ்வி கோப்பாக இறக்கினால் அது பூட்டில்லாத வெறும் எழுத்து, ஏற்றி முடித்த நிமிடமே அழியுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போனின் பூட்டைக் கொண்டு நுழைய வைக்கும் பாஸ்கீகள் சிஎஸ்வியில் வராது. பாஸ்கீ வைத்திருக்கும் ஒவ்வொரு தளத்திலும் பழைய போன் கையில் இருக்கும்போதே நுழைந்து புதுப் போனுக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடர்புகளை ஆண்ட்ராய்டில் ஒருமுறை பாருங்கள்: சில 'டிவைஸ்' என்ற இடத்திலும் சில சிம்மிலும் கிடக்கும். அவற்றை கூகுள் கணக்குக்கு நகர்த்தி, அந்தக் கணக்கை ஐபோனில் சேர்த்தால் பிறகு எந்தப் பக்கம் போனாலும் தொடர்பு கூடவே வரும்.

விற்கும் நாளில் வரிசை: செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் போய் கூகுள் கணக்கை நீக்குங்கள், திரைப் பூட்டை எடுங்கள், பிறகு ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் பொத்தான்களை அழுத்தி ரெக்கவரி வழியாக அழித்தால் ஆண்ட்ராய்டு 5.1இலிருந்து இருக்கும் பாதுகாப்பு பூட்டிவிடும், வாங்கியவர் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு அழைப்பார். ஐபோனில் இதற்கு இணை 'ஃபைண்ட் மை'. அதை அணைக்காமல் விற்றால் அதே கதி. மெமரி கார்டையும் சிம்மையும் எடுத்தாயிற்றா என்று தட்டைத் திறந்து பாருங்கள்.